தோளுக்கு மேல் எழாத கை

ராக்கம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழாது. கோயில் திருவிழாவில் எல்லாரும் தலைக்கு மேல் கை குவித்துக் கும்பிடும்போது அவள் மட்டும் நெஞ்சோடு குவித்துக்கொண்டு நிற்பாள். வாதம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்வினை என்று சிலர். தம்பியைத் தோட்டத்தை விட்டே துரத்திய பாவம் என்று சொல்கிற நாக்குகளும் எங்கள் ஊர் கோலா சாவாப் பக்கம் இருக்கின்றன. அத்தனையும் பொய். நடந்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

நான் மாயாண்டி. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போய், பால் லாரியில் கிளீனராகி, டிரைவராகி, இன்று லுக்குட் டவுனில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். ரோட்டில் ஓடுகிற லாரிகளில் என் பெயர் எழுதியிருக்கிறது. எவனும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. படித்தவர்கள் எழுதினால் இதைவிட அழகாக எழுதலாம். இதைவிடச் சரியாக எழுத முடியாது.

ராக்கம்மாவும் நானும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அவள் தாய் அர்ச்சுனனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது இவளே சிறுமி. இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவில் சேலையில் தூளி கட்டி, தம்பியை அதில் போட்டுவிட்டு, பெரியவர்களோடு சேர்ந்து மங்கு துடைப்பாள். பால் ஒழுகி விழுகிற அந்தச் சின்னப் பீங்கான் கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். எழுபத்து நான்கில் புயல் காற்றில் மரம் சாய்ந்து அவள் புருஷன் செத்தான். பிள்ளை இல்லை. மறு கல்யாணம் பேச வந்தவர்களிடம், "எனக்குத்தான் அர்ச்சுனன் இருக்கானே, இன்னொரு புள்ளை எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பழைய மரங்களில் கீழ்ப்பட்டை தீர்ந்துபோனால், நீளக் கம்பில் உளியைக் கட்டிக்கொண்டு தலைக்கு மேலே வெட்ட வேண்டும். ஆண்களே தோள் வலி என்று உட்கார்ந்துவிடுகிற வேலை அது. ஆற்றோரத்து நெரை முழுக்க அப்படிப்பட்ட மரங்கள்தான். நெரை என்றால் ஓர் ஆள் வெட்ட வேண்டிய மர வரிசை. அந்த ஆற்றோரத்து நெரை ராக்கம்மாவுடையது. அண்ணாந்தபடி ஓர் இழுப்பு இழுப்பாள், பட்டை சுருள் சுருளாக உதிரும். நானும் வெட்டியவன்தான், நன்றாகவே வெட்டியவன். என்னையே அவள் மிஞ்சினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அர்ச்சுனனை வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் ஆக்கியதும் அவள்தான். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு வாசலில் போய் நின்று, "என் தம்பி நல்லா மலாய் பேசுவான், கையெழுத்தும் போடுவான், ஒரு தடவை வெச்சுப் பாருங்கய்யா" என்று விடாமல் கேட்டாள். கிடைத்தது. அதன்பிறகு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தம்பி பெயர் கூப்பிட, அக்கா "வந்தேன்!" என்று சொல்லி வேலைக்குப் போவாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இருந்த பெருமை, நான் முதல் லாரி வாங்கியபோதுகூட எனக்கு இருந்ததில்லை.

அவளிடம் ஒரே கெட்ட பழக்கம், வாயில் எப்போதும் வெற்றிலை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டால், பெரட்டிலிருந்து பால் நிறுக்கிறவரை அது அங்கேயே ஊறும். தொண்ணூற்று மூன்றில் அந்த இடத்தில் ஒரு புண் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஊதா மருந்தைத் தடவித் தடவி அனுப்பினார். ஆறவில்லை. ஒரு நாள் பால் ஏற்றப் போன நான் அவளைப் பார்த்தேன். சோற்றை இடது பக்கமே மென்றுகொண்டிருந்தாள்.

"வாயைத் தொற."

"அட போங்கண்ணே, நீங்க என்ன பல்லு டாக்டரா?"

"தொறன்னா தொற."

திறந்தாள். புண்ணின் ஓரம் தடித்துக் கல் போல் இருந்தது. நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். மறுவாரம் வேலையை எல்லாம் போட்டுவிட்டு, என் காரிலேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வேறு யார் செய்வார்கள்?

அங்கே இருந்த டாக்டர் ஹசீனா பேகம் சிரம்பான் பெண். தமிழில் பேசினார். அவருடைய தகப்பனார் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர் என்றதும், "அந்தக் கடையில நான் சாப்பிடாத மீன் தலை இல்ல, டாக்டரம்மா" என்றேன். சிரித்தார். புண்ணில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுபடி நாங்கள் போனபோது அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, இது புற்றுநோய். கன்னத்துல இருக்கறதை வெட்டி எடுத்துடலாம். அதைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. கழுத்தைப் பத்தித்தான் கவலை."

"கழுத்துல ஒண்ணும் இல்லையே. நல்லா தடவிப் பாத்துட்டேன்" என்றாள் ராக்கம்மா.

"நானும் பாத்துட்டேன். கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஆனா இதைப் பாருங்க."

ஒரு படத்தை எடுத்து வைத்தார். வெட்டியெடுத்த துணுக்கைச் சாயம் போட்டு, பெரிதாக்கிப் பிடித்த படம். நடுவில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, வேலி கட்டியது போல. ஓரத்துக்கு வர வர அந்தப் பழுப்பு மங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றுமே இல்லை. அங்கே செல்கள் இரண்டும் மூன்றுமாகக் கழன்று சதைக்குள் இறங்கியிருந்தன.

"ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு சவ்வு இருக்கு. அதுலேர்ந்து புரோட்டீன் நீட்டிட்டு நிக்கும். சில புரோட்டீனோட வேலையே பக்கத்துச் செல்லைப் பிடிச்சுக்கறதுதான். அது இருக்கற இடத்துல பழுப்புச் சாயம் ஒட்டும். அந்தப் பிடி இருக்கற வரைக்கும் செல்லு தன் இடத்துல கிடக்கும். ஓரத்துல பாருங்க, பிடியே இல்ல."

"புரோட்டீன்னா முட்டையில இருக்கறதா? அப்ப ரெண்டு முட்டை சேத்துச் சாப்பிட்டா பிடி வந்துடுமா?"

"வராதும்மா. நீங்க சாப்பிடறது வேற, செல்லு தனக்குத் தானே செஞ்சுக்கறது வேற. இந்தச் செல்லு அதைச் செய்யறதை நிறுத்திடுச்சு."

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருப்பேனா? பால் ஏன் வாளியில் தண்ணீராக ஓடுகிறது, தொட்டியில் ஏன் கட்டியாகிறது என்பதெல்லாம் என் கைக்குத் தெரிந்த விஷயம். "வெட்டின பால் மாதிரி ராக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஓடிட்டே இருக்கும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சுக்கா ஊத்தினா உறைஞ்சிடுமே!"

தொட்டியில் பாலை உறையவைக்க ஊற்றுகிற திராவகத்தைத்தான் சுக்கா என்போம். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அம்மா, வீட்டுல போய் அப்படி எதுவும் செஞ்சிடாதீங்க! வாய் வெந்துடும். ரப்பர் பால் வேற, சதை வேற." அப்புறம் என்னைப் பார்த்து, "ஐயா, உங்க உதாரணத்தை இதோட நிறுத்திக்குங்க" என்றார். என்னிடம் அப்படிப் பேசியவர்கள் குறைவு. டாக்டர் என்பதால் விட்டுவிட்டேன்.

"பிடி விட்டது பாதிதான். வேற சில புரோட்டீன் காலு மாதிரி. முன்னால சதையைப் பத்திக்கும், உடம்பை இழுத்துக்கும், பின்னால விட்டுடும். தோட்டத்துல அட்டை எப்படி ஊரும்?"

"முன் வாயால ஒட்டி, பின்னால எடுத்து, திரும்ப முன்னால ஒட்டி..." ராக்கம்மா விரலை மேசைமேல் மடக்கி மடக்கி ஊர்த்திக் காட்டினாள்.

"அதேதான். அப்படியே போய்க் கழுத்து நெறிக்கட்டுக்குள்ள உக்காந்துக்கும். இப்ப கைக்குத் தெரியாது. தெரியற அன்னைக்கு ரொம்ப லேட்டா போயிருக்கும். இதெல்லாம் நாங்களே இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றோம். நூத்துக்கு நூறு நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா புண்ணும் ஆழம், ஓரமும் இப்படி. கழுத்தையும் திறந்து எடுத்துடுங்கன்னுதான் சொல்வேன்."

"திறந்தா என்ன ஆகும்?"

டாக்டர் மறைக்கவில்லை. கையைத் தூக்குகிற நரம்பு அந்த நெறிக்கட்டுகளுக்கு நடுவில் ஓடுகிறது. காப்பாற்றப் பார்ப்பார்கள், முடியாமலும் போகலாம். போனால் வலது கை தோளுக்கு மேல் எழாது.

ராக்கம்மா தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள். கை போனால் ஆற்றோரத்து நெரை போகும். பெயர் பதிந்த வேலையாளுக்குத்தான் லயத்து வீடு. நெரை போனால் வீடும் போகும். உயிரா, இருக்கிற இடமா என்பதுதான் அவள் முன்னால் வந்து நின்றது.

எழுந்திருக்கும்போது அவள் கேட்ட கேள்வி வேறு. "டாக்டரம்மா, இது வெளியேருந்து வந்த கிருமிதானே?"

"இல்லம்மா. உங்க சொந்தச் செல்லுதான்."

காரில் சிரம்பான் தாண்டும்வரை கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம், "சொந்தச் செல்லேவாண்ணே?" என்றாள்.

அர்ச்சுனன் வீட்டில்தான் அன்று பேச்சு நடந்தது. அவன், அவன் பெண்டாட்டி வீராயி, இரண்டு பெண் பிள்ளைகள், நான், ராக்கம்மா. பிள்ளைகள் அத்தையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் அவள் கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவை.

"அக்கா, நீ ஒண்ணும் யோசிக்காதே. போய் ஆப்ரேசன் செஞ்சுக்க. நீ வர்ற வரைக்கும் உன் நெரையை வீராயி வெட்டட்டும். பெரட்டுல நான் உன் பேரைக் கூப்பிடறேன், அவ 'வந்தேன்'னு சொல்லட்டும். பேர் அப்படியே இருக்கும்" என்றான் அர்ச்சுனன்.

"கை வராமப் போச்சுன்னா?"

"ஆயாக்கொட்டகையில புள்ளை பாக்கற வேலை வாங்கித் தர்றேன். நான் மண்டோர்லா! இதுகூடவா முடியாது?"

"எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். அவள் தலையில் கை வைத்து, நான் பார்க்கப் பண்ணினான்.

தோட்டங்களில் இது புதிதல்ல. பிரசவமோ, சாவு வீடோ, சொந்தக்காரர் ஒருவர் நமக்குப் பதிலாக நின்று "வந்தேன்" என்று சொல்லுவார். நாம் திரும்பி வந்ததும் விலகிக்கொள்ளுவார். அதை நம்பித்தான் எங்கள் சனம் பிள்ளை பெற்றது, ஊர்ப்பயணம் போனது. அதை நம்பித்தான் ராக்கம்மாவும் போய்ப் படுத்தாள்.

கன்னத்தை வெட்டினார்கள், கழுத்தைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு நெறிக்கட்டுகளில் கடுகு போல அது போய் உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஹசீனா அந்தப் படத்தில் பார்த்துச் சொன்னது சரிதான். ஆனால் அந்த நரம்பு அதற்கு வெகு பக்கத்தில் ஓடியதால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கதிர் சிகிச்சை. மாதக்கணக்கில் அவள் கோலாலம்பூரிலேயே, என் அத்தை மகள் வீட்டில் தங்கிப் போய்வந்தாள். ஏற்பாடெல்லாம் நான்தான். அர்ச்சுனன் ஒரு முறை வந்து பார்த்தான். அப்புறம் வேலை அதிகம் என்றான்.

கடைசியில் டாக்டர், "இப்ப எங்கேயும் தெரியல. மாசாமாசம் வந்து காட்டுங்க" என்றார். ராக்கம்மாவை நானே காரில் கொண்டுவந்து இறக்கினேன். அவள் வீட்டு வாசலில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். வீராயியின் தகப்பனார். உள்ளே வீராயியின் தாய் சமைத்துக்கொண்டிருந்தாள். ராக்கம்மாவின் கட்டில் பின்பக்கம் விறகு அடுக்குகிற இடத்தில் கிடந்தது.

"சும்மா கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா. வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதில்ல?" என்றான் அர்ச்சுனன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புண்ணிருந்த கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டதால் பார்க்கக் கூசுகிறான் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் விடியலில் அவள் பெரட்டுக்குப் போனாள். நானும் அந்த இரவு லயத்திலேயே தங்கியிருந்ததால் கூடவே போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் டார்ச் லைட்டை அடித்துப் பெயர் கூப்பிட்டான்.

"சந்திரன்!"

"வந்தேன்!"

"ஆறுமுகம்!"

"வந்தேன்!"

"வீராயி! ஆத்தோரம் நெரை!"

வீராயி தலையைக் குனிந்துகொண்டு, "வந்தேன்" என்றாள். அர்ச்சுனன் அடுத்த பெயருக்குப் போய்விட்டான். கடைசிப் பெயர்வரை ராக்கம்மா என்ற பெயர் வரவில்லை.

"ஏன்டா அர்ச்சுனா, என் பேரை எங்கடா முழுங்கினே?"

"அக்கா, இந்தப் பனியில நீ எதுக்கு வந்தே? வீட்டுக்குப் போ, அப்பறம் பேசலாம்."

"பேர் கூப்பிடறதுல அப்பறம் என்னடா அப்பறம்?"

கூட்டத்தில் ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "ராக்கு, நீ திரும்பி வர மாட்டேன்னுல்ல சொன்னாங்க. ஒடம்பு பூரா பரவிடுச்சாம், டாக்டரே கைவிட்டுட்டாங்களாம். நீயே ஆபீஸ்ல சொல்லச் சொல்லி, வேலை வீடு எல்லாத்தையும் வீராயிக்கு விட்டுட்டியாமே?"

ராக்கம்மா தம்பி பக்கம் விரலை நீட்டினாள். பிறகு சொன்னாள்: "எனக்குள்ள பரவலடி. இவன் வாயிலேர்ந்து கிளம்பித் தோட்டம் பூரா பரவியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் விடவில்லை. அன்றே ஆபீஸுக்குப் போனேன். மலாய்க்கார மேனேஜர் எனக்குப் பழக்கம். அவர் தோட்டத்துப் பால் என் லாரியில்தான் போகிறது. அவர் அர்ச்சுனனைக் கூப்பிட்டு நிறுத்தினார், ராக்கம்மாவைக் கூப்பிட்டார். மலாயிலேயே கேட்டார்: வேலையை விட்டுக்கொடுப்பதாக நீதான் தம்பியிடம் சொன்னாயா?

அர்ச்சுனன், "அக்கா" என்றான். அவ்வளவுதான். சின்ன வயதில் தூளியிலிருந்து கூப்பிட்ட அதே குரல். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மண்டோராக இருப்பான், அவள் விறகுக் கட்டிலில் கிடப்பாள். இல்லை என்றால் அவன் வேலை போகும்.

வழக்கமாக எங்கள் பெண்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ராக்கம்மா அதைச் செய்யவில்லை.

"இல்ல தொரை. நல்லாயி வந்து வேலை செய்வேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். இவன் சொன்னது பொய்."

மேனேஜர் அவளைக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினாள். தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. அவர், ஆயாக்கொட்டகை வேலை, வீடு அவள் பெயரிலேயே இருக்கட்டும் என்றார். அர்ச்சுனன் அடுத்த நாளிலிருந்து மண்டோர் இல்லை. மரம் வெட்டுவதானால் இருக்கலாம் என்றார். அவனுக்கு அது அவமானம். நீலாய்ப் பக்கம் புதிது புதிதாக ஃபேக்டரி வந்துகொண்டிருந்த சமயம். குடும்பத்தோடு அங்கே போவதாகச் சொல்லிவிட்டான். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டான். பிள்ளைகளையும் நிறுத்தினான்.

ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது நான் வெற்றி பெற்றவனாக நடந்தேன். அவள் அப்படி நடக்கவில்லை. "கிருமியா இருந்தா கோவப்படலாம்ணே" என்றாள்.

சில நாள் கழித்துப் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, லாரி ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"அர்ச்சுனன் சாமான் ஏத்தணும்."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டேன். "உனக்குக் கழுத்துல வெட்டினாங்களா, மூளையில வெட்டினாங்களா? உனக்காக ஆபீஸ் ஏறி நின்னவன் நான். அவனுக்கு என் லாரியா?"

"அவனுக்கு இல்லண்ணே. புள்ளைங்க மழையில நனையும்."

டிரைவரை அனுப்ப மனம் வரவில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். சாமான் ஏற்றியாயிற்று. வீராயியும் அவள் தாய் தகப்பனும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் எனக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவில் உட்காரவைத்தேன். ராக்கம்மா ஆயாக்கொட்டகை வாசலில் நின்றாள். கிட்டே வரவில்லை.

எஞ்சினைக் கிளப்புமுன் அர்ச்சுனன் சொன்னான்: "அக்கா பொழைக்கும்னு நான் நினைக்கலண்ணே."

"நினைக்கலையா, வேண்டாம்னு இருந்தியா?"

அவன் கதவை இழுத்துச் சாத்தினான். 

லாரி நகர்ந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் எக்கி, "அத்தே! அத்தே!" என்று கையை ஆட்டினாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். ராக்கம்மா வலது கையைத் தூக்கினாள். தோளோடு நின்றுவிட்டது. பிள்ளை வளைவில் மறைவதற்குள் தெரிய வேண்டுமே என்று, இடது கையை முழங்கைக்குக் கீழே கொடுத்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அர்ச்சுனன் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.